குண்டாவது குற்றமா? உடம்பின் கணக்கே வேறு!

அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கரைவெட்டி ஏரிக்கு ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடியும் நேரத்தில் விருந்தாளிகள் வருவார்கள். அவர்களில் முக்கியமானது பட்டைத்தலை வாத்து. மத்திய ஆசியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து, புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வந்து நிரம்பும் இந்த ஏரியில் இறங்கும். 2024 ஜனவரியில் கரைவெட்டிக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததில் இந்தப் பறவைகளுக்கும் பங்கு உண்டு.

அத்தனை தூரம் பறக்க எரிபொருள் எது? கொழுப்புதான். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வலசைப் பறவைகள் கண்டபடி தின்ன ஆரம்பிக்கும். உடம்பு பருக்கும். அந்தக் கொழுப்பை எரித்துக்கொண்டே வந்து சேரும். எப்போது தின்ன வேண்டும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பறவை யோசித்து முடிவு செய்வதில்லை. அதன் மூளையும் ஹார்மோன்களும் முடிவு செய்கின்றன. அந்த வாத்தைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதா உனக்கு?" என்று யாரும் கேட்பதில்லை.

மனிதர்களைத்தான் கேட்கிறோம். பெரம்பலூர் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற சித்தி, "என்னம்மா, இப்படி ஊதிட்ட?" என்பார். பந்தியில் இரண்டாவது முறை சாதம் வாங்கினால் எதிர் இலைக்காரர் சிரிப்பார். அந்தப் பெண் அடுத்த விசேஷத்துக்கு வராமலே இருந்துவிடுவார். 'டாக்டரும் இதையேதான் சொல்லித் திட்டுவாங்க' என்று ஆஸ்பத்திரிக்குப் போவதையும் தள்ளிப்போடுவார். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 பேர். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது பெண்களில் 31, ஆண்களில் 28. ஐந்தே வருஷத்தில் பத்துப் பேரில் ஒருவர் புதிதாக மன உறுதியை இழந்துவிட்டார் என்றா சொல்ல முடியும்? உடம்புக்குள் வேறு ஏதோ நடக்கிறது.

உடம்புக்குள் ஓர் ஏரி

பெரம்பலூரும் அரியலூரும் ஏரிகளை நம்பி வாழ்ந்த வானம் பார்த்த பூமி. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டியதும் அதற்காகத்தான். மழை பெய்யும்போது பிடித்து வைக்க வேண்டும். காயும்போது மதகைத் திறந்து விட வேண்டும். உடம்பில் கொழுப்பு செய்யும் வேலையும் இதுதான்.

ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. குறைந்த இடத்தில் நிறைய சேமிக்கலாம் என்பதால்தான் இயற்கை கொழுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் 15 கிலோ கொழுப்பு இருந்தால், கணக்குப்படி அது ஒரு லட்சம் கலோரிக்கும் மேல். ஐம்பது நாள் பஞ்சத்தைத் தாங்கும் கையிருப்பு.

இந்த ஏரிக்குத் தண்ணீர் விடும் ஹார்மோன் இன்சுலின். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கும். சர்க்கரையில் ஒரு பங்கு தசைக்கும் ஈரலுக்கும் போகும். அங்கே இடம் குறைவு. இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ அளவுக்குத்தான் பிடிக்கும். இன்சுலின் ஏறியிருக்கும் நேரத்தில் உடம்பு பழைய கொழுப்பை எடுத்துச் செலவு செய்யாது. குழம்பில் இருந்த எண்ணெயும் சட்னியில் இருந்த தேங்காயும் கொழுப்புச் செல்களுக்குள் போய் உட்காரும். அளவுக்கு மீறி மாவுச்சத்து வந்துகொண்டே இருந்தால் ஈரல் அதையும் கொழுப்பாக மாற்றும். காலையில் இட்லி, பதினோரு மணிக்கு டீயும் வடையும், மதியம் சாதம், நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி பரோட்டா என்று போனால், ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அடைபடுவதே இல்லை. மதகு திறக்க நேரமும் கிடைப்பதில்லை.

ஏரியைக் காக்கும் காவல்காரர்

ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்று யார் பார்ப்பது? மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி. அதற்குத் தகவல் போவது எப்படி என்பது 1994 வரை தெரியாமல் இருந்தது. அந்த வருஷம் நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. லெப்டினைச் சுரப்பது கொழுப்புச் செல்லேதான்! 'கையிருப்பு போதும், பசியைக் குறை' என்று கொழுப்பு மூளைக்கு அனுப்பும் செய்தி அது. ஐந்து வருஷம் கழித்து, 1999-ல், ஜப்பானில் க்ரெலின் கண்டுபிடிக்கப்பட்டது. அது வயிற்றிலிருந்து 'பசிக்கிறது' என்று போகும் செய்தி.

லெப்டின் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1997-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுவிட்ட சகோதரப் பிள்ளைகள். 8 வயதுக் குழந்தை 86 கிலோ. 2 வயதுக் குழந்தை 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. பரிசோதித்துப் பார்த்தால், மரபணுக் கோளாறால் அவர்கள் உடம்பில் லெப்டினே இல்லை. மூத்த பிள்ளைக்கு தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஒரு வருஷத்தில் 16 கிலோ குறைந்தது. அதுவரை வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அத்தனை பேச்சையும் ஓர் ஊசி பொய்யாக்கிவிட்டது.

இப்படி லெப்டினே இல்லாமல் பிறப்பது மிக மிக அரிது. பருமனாக இருக்கும் பெரும்பாலோருக்கு லெப்டின் நிறையவே இருக்கிறது. மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை. தினமும் கூவிக்கொண்டே இருக்கும் ஒலிபெருக்கி நமக்குப் பழகிப்போகிறதே, அதுபோல. அதனால்தான் இவர்களுக்கு லெப்டின் ஊசி பலன் தரவில்லை.

குறைத்த எடை ஏன் திரும்புகிறது?

'மூணு மாசம் வாயைக் கட்டினேன், எட்டு கிலோ குறைஞ்சுது. ஆறு மாசத்துல பத்து கிலோ ஏறிடுச்சு.' இதைச் சொல்லாத ஊர் இல்லை. இதற்குக் காரணம் உடம்பின் பஞ்ச பயம்.

எடை குறையும்போது கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றன. ஆனால் அவற்றின் எண்ணிக்கை குறைவதில்லை. சுருங்கிய செல் குறைவாக லெப்டின் அனுப்பும். மூளைக்கு அது 'ஏரி வற்றுகிறது, பஞ்சம் வந்துவிட்டது' என்று கேட்கும். உடனே க்ரெலினைக் கூட்டும், செலவைச் சுருக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 50 பேரைப் பத்து வாரம் உணவைக் குறைக்க வைத்து, அதன்பின் ஒரு வருஷம் கவனித்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அமெரிக்காவில் எடை குறைப்பதையே போட்டியாக நடத்தி டி.வி.யில் காட்டினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் பரிசோதித்தார். பெரும்பாலோருக்குப் போன எடை திரும்ப வந்திருந்தது. அதைவிட அதிர்ச்சி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட தினம் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. எடை திரும்பிய பிறகும் உடம்பு அந்தச் சிக்கனத்தை விடவில்லை.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1944-45-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையும் இதைத்தான் காட்டியது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்வாசி போனது. அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். இவர்கள் யாரும் சாப்பாட்டு ராமன்கள் இல்லை. பசித்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஒல்லியானவருக்கும் தொப்பை ஏன்?

எடை விஷயத்தில் மரபணுவின் பங்கு பெரிது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதை 40 முதல் 70 சதவிகிதம் என்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஒரு மரபணு மட்டும் காரணமாக இருப்பதில்லை. 2007-ல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணுவின் ஒரு வகை, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் சராசரியாக 3 கிலோ கூடுகிறது, அவ்வளவுதான். இப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன தள்ளல்கள் சேர்கின்றன.

நம் ஊருக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம். யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! எடை மெஷின் காட்டாத கொழுப்பு இது.

யாஜ்னிக் இதன் வேரைத் தேடிக் கருவறைக்கே போனார். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உறுப்புகளும் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், 'வெளியே பஞ்சம் போலிருக்கிறது' என்று கருவிலேயே உடம்பு சேமிக்கப் பழகிவிடுகிறது என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அந்தக் குழந்தை வளர்ந்து, பஞ்சமே இல்லாத காலத்தில் சாப்பிட ஆரம்பிக்கும்போது சிக்கல் வருகிறது.

இங்கே மறுபடி ஏரியை நினைத்துப் பாருங்கள். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புதான் ஏரி. தொடை, இடுப்பு, புட்டத்தில் சேர்வதால் பெரிய கெடுதல் இல்லை. தெற்காசியர்களுக்கு இந்த ஏரி சிறியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீக்கிரம் நிரம்பிக் கலிங்கு வழிகிறது. வழியும் கொழுப்பு போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. குடலைச் சுற்றி, ஈரலுக்குள், கணையத்துக்குள், தசைக்குள்.

அப்படி வழிந்த கொழுப்பு சும்மா இருக்காது. அழற்சியை உண்டாக்கும் ரசாயனங்களை விடும். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பிலிருந்து கிளம்பும் கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகும். இன்சுலின் சொல்வதை ஈரலும் தசையும் கேட்காமல் போகும். கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சுரந்து ஒருநாள் ஓய்ந்துவிடும். அதுதான் சர்க்கரை நோய். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும் மாமாவுக்கு 40 வயதில் சுகர் வருவது இப்படித்தான். அவரை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. அதனாலேயே அவரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை.

மாறியது எது?

மரபணு ஐந்து வருஷத்தில் மாறாது. அதைச் சுற்றியிருக்கும் வாழ்க்கைதான் மாறியது. வரகும் கம்பும் சோளமும் தின்ற மண் இது. உரலில் குத்தி, வெயிலில் களை எடுத்து, நடந்தே சந்தைக்குப் போன உடம்பு. இன்று பெரம்பலூர் வயல்களில் மக்காச்சோளம் நிற்கிறது. அது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. உழவுக்கு டிராக்டர், கடைக்குப் போக டூவீலர். சாப்பாட்டில் தீட்டிய அரிசி, அதற்கு மேல் பாக்கெட் தீனி.

பாக்கெட் தீனிக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அதே கெவின் ஹால் 2019-ல் சோதித்தார். 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஒரே அளவு. 'வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்' என்றார். ஆலை உணவு வந்த நாட்களில் அவர்கள் தினம் 500 கலோரி அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். கடிக்க வேலையில்லாமல் வேகமாக உள்ளே போகும் உணவு அது. 'போதும்' என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேருமுன் தட்டு காலியாகிவிடுகிறது.

தூக்கமும் ஒரு காரணம். அரியலூர் சிமென்ட் ஆலைகளின் சூளை ராத்திரியிலும் எரியும். அதனோடு ஷிஃப்டும் ஓடும். பெரம்பலூர் வழியாகப் போகும் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் விடிய விடிய விழித்திருப்பார்கள். சிகாகோவில் 2004-ல் 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தபோது, லெப்டின் 18 சதவிகிதம் குறைந்தது, க்ரெலின் 28 சதவிகிதம் ஏறியது. நைட் டியூட்டி முடித்துவிட்டு நாலு பூரி கூடுதலாகக் கேட்பவரைக் கேட்க வைப்பது இந்த ஹார்மோன்கள்தான்.

இவை தவிர தைராய்டு குறைவு, பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை, மாதவிடாய் நிற்கும் காலம், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் ஆகியவற்றாலும் எடை கூடலாம். திடீரென்று எடை ஏறினால் 'தின்னுட்டே இருக்கா' என்று முடிவு கட்டாமல், மருத்துவரிடம் காட்டிக் காரணம் கேளுங்கள்.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் குறி மாற வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் இருந்தார்கள். நடைப்பயிற்சி, அளவான சாப்பாடு என்று பழக்கத்தை மாற்றிய பிரிவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவிகிதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை! மெஷின் முள் அசையவில்லை என்று மனமுடைந்து நடையை நிறுத்துகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்கிற தசை, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் அது நடக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை சில:

• இடுப்பை அளந்து பாருங்கள். டேப் இல்லாவிட்டால் ஒரு கயிறு போதும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. பி.எம்.ஐ. கணக்கில் நமக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன்.

• இலையில் பொரியல், கூட்டு, பருப்பு, முட்டை முதலில். சாதம் பிறகு, அளவாக. வரகாக இருந்தாலும் அளவு முக்கியம்.

• சாப்பாட்டுக்கு நடுவே டீக்கடைத் தீனிக்கு ஒரு வேளையாவது லீவு கொடுங்கள். மதகு திறக்க நேரம் வேண்டும்.

• ராத்திரி ஷிஃப்டு முடித்து வந்தவரைப் பகலில் தூங்க விடுங்கள். அதுவும் வைத்தியம்தான்.

• கர்ப்பிணிக்கும் வளர்கிற பெண் பிள்ளைக்கும் சத்தான சாப்பாடு கொடுங்கள். அடுத்த தலைமுறையின் எடைக் கணக்கு அங்கே தொடங்குகிறது.

• ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமும் கேட்கலாம்.

பசியை அடக்கும் புதிய ஊசிகள் 2025-ல் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. குடலிலிருந்து 'போதும்' என்று மூளைக்குப் போகும் செய்தியைப் போல அவை வேலை செய்கின்றன. எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் செமாக்ளூடைட் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வு காட்டியிருக்கிறது. யாருக்குத் தேவை, எவ்வளவு நாளைக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை.

குளிர்காலம் முடிந்ததும் கரைவெட்டி வாத்துகள் மறுபடி தின்று, பருத்து, வடக்கே கிளம்பிவிடும். சேர்த்ததைச் செலவழிக்க அவற்றுக்கு இமயமலை இருக்கிறது. நமக்குச் சேர்க்கும் உடம்பு மட்டும் மிச்சம். பறந்த தூரம் போய்விட்டது. அதைக் கொஞ்சமாவது நடந்து ஈடுகட்டலாம். அதற்கு உடம்போடு சண்டை போட வேண்டியதில்லை. அது எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அடுத்த கல்யாணத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தால், "என்னம்மா ஊதிட்ட?" என்று கேட்காதீர்கள். "சுகர் பார்த்தியாம்மா? நானும் பார்க்கணும், நாளைக்கு ரெண்டு பேரும் போவோமா?" என்று கேளுங்கள். தொப்பையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒல்லி மாமாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.